நாட்குறிப்பில் வாஷி டேப்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என் நோட்டை எட்டிப் பார்க்கிறவர்கள் எல்லாரும் கடைசியில் கேட்பது டேப்பைப் பற்றித்தான். திரும்பத் திரும்பச் சொன்ன பதில்களை இங்கே ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

வாஷி டேப் என்றால் சரியாக என்ன?

ஜப்பானிய மொழியில் ‘வா’ என்பது ஜப்பானைச் சேர்ந்தது, ‘ஷி’ என்பது காகிதம். மெல்லிய காகிதத்தில் நிறமோ வடிவமோ அச்சடித்து, பின்பக்கம் மிதமான பசை தடவிச் சுருட்டியதுதான் வாஷி டேப். கையாலேயே கிழிக்கலாம். அடியில் இருப்பது லேசாகத் தெரியும். ஒட்டிய பிறகு மனசு மாறினால் உரித்தெடுத்து வேறு இடத்தில் ஒட்டலாம். இந்தக் கடைசி குணத்துக்காகத்தான் நான் இதை வாங்குகிறேன். செல்லோ டேப்பை ஒட்டிவிட்டால் ஒட்டியதுதான். கீழே வருகிற பதில்களில் பாதி இந்த ஒரு குணத்தைக் காப்பாற்றுவது பற்றியதாகவே இருக்கும்.

ஜப்பானில் பேச்சு வழக்கில் இதற்கு ‘மாஸ்தே’ என்று பெயர். பெயிண்ட் அடிக்கும்போது ஓரத்தை மறைக்க ஒட்டும் ‘மாஸ்கிங் டேப்’பைச் சுருக்கிச் சொல்வது; வாஷி டேப் அதிலிருந்து வந்ததுதான். தைவானில் ‘காகித டேப்’ என்றே சொல்கிறார்கள்.

அப்படியென்றால் இது கையால் செய்த வாஷி காகிதமா?

இல்லை. கைவினை வாஷி, கோஸோ என்கிற முசுக்கட்டை இனச் செடியின் பட்டை நாரைக் கூழாக்கி, சட்டத்தில் வடித்து எடுப்பது. அந்தக் கைத்தொழிலை 2014-ல் யுனெஸ்கோ தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. டேப்புக்கு வருவது ஆலையில் ஓடும் மெல்லிய காகிதம். ‘பாரம்பரிய வாஷி’ என்று அட்டையில் போட்டு விலையை ஏற்றினால், அந்த வார்த்தைக்காக மட்டும் காசு கொடுக்க வேண்டாம்.

பெயிண்டர் உபயோகிக்கும் டேப் நோட்டுக்குள் எப்படி வந்தது?

மாஸ்கிங் டேப் பிறந்தது கார்களுக்காக. 1920-களில் அமெரிக்காவில் இரண்டு வண்ணம் அடித்த கார்கள் நாகரிகமாக இருந்தன. ஒரு வண்ணம் காய்ந்த பிறகு அதைச் செய்தித்தாளால் மூடி, வலுவான டேப்பால் ஒட்டி, மற்ற வண்ணத்தை அடிப்பார்கள். டேப்பை உரிக்கும்போது முதல் வண்ணமும் கூடவே உரிந்து வரும். உப்புத்தாளைச் சோதித்துப் பார்க்க அந்தப் பட்டறைகளுக்குப் போன 3எம் நிறுவன ஊழியர் ரிச்சர்ட் ட்ரூ இதைப் பார்த்துவிட்டு, 1925-ல் சுலபமாக உரிந்து வரும் காகித டேப்பை உருவாக்கினார்.

ஜப்பானில் ஒகயாமா மாகாணத்துக் குராஷிகி நகரில் காமோய் ககோஷி என்று ஒரு நிறுவனம் இருக்கிறது. 1923-ல் ஈ பிடிக்கும் பசைக் காகிதம் செய்ய ஆரம்பித்தவர்கள். பசையும் காகிதமும் கைவந்த தொழில் என்பதால், 1960-களில் வாகனங்களுக்கும் கட்டட வேலைக்கும் மாஸ்கிங் டேப் செய்யத் தொடங்கினார்கள். 2006-ல் டோக்கியோவிலிருந்து மூன்று பெண்கள், ‘உங்கள் தொழிற்சாலையைப் பார்க்க வேண்டும்’ என்று எழுதிக் கேட்டார்கள். வேலைக்கென்று செய்த டேப்பைப் பரிசுப் பொட்டலத்துக்கும் ஒட்டுப்படத்துக்கும் பயன்படுத்தி வந்தவர்கள் அவர்கள். அந்த டேப்பின் அழகைப் பற்றித் தாங்களே சிறு புத்தகம் ஒன்றும் போட்டிருந்தார்கள். அந்தச் சந்திப்பின் வழியாகத்தான் 2008-ல் ‘எம்டி’ என்ற அலங்கார டேப் வரிசை வந்தது. மாஸ்கிங் டேப்பின் முதலெழுத்துகள்தான் அந்தப் பெயர்.

கார் பட்டறையில் அடியில் இருக்கும் வண்ணத்தைக் காப்பாற்றிய அதே மென்மைதான் இன்று நம் நோட்டுத் தாளைக் காப்பாற்றுகிறது.

ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் மாஸ்கிங் டேப்பே போதாதா?

சுவருக்குப் போதும். அந்த வெளிர்மஞ்சள் டேப் சுருக்கம் விழுந்த தடித்த காகிதம். பசையும் அதிகம். நோட்டில் ஒட்டிவிட்டு ஒரு மாதம் கழித்து உரித்தால் தாளின் மேல்தோல் கூடவே வரும்.

எந்த அகலம் வாங்குவது?

வாஷி டேப்பின் வழக்கமான அகலம் 15 மில்லிமீட்டர். கடையில் நிற்கும்போது எல்லாரும் வடிவத்தைத்தான் பார்க்கிறோம். நோட்டில் உட்காரும்போதுதான் அகலத்தின் அருமை தெரியும்.

உங்கள் நோட்டின் கட்டத்தை அளந்து பாருங்கள். புள்ளி நோட்டுகளில் பெரும்பாலும் புள்ளிக்குப் புள்ளி 5 மி.மீ. அப்படியென்றால் 15 மி.மீ. டேப் சரியாக மூன்று கட்டத்தை நிரப்பும். ஹோபோனிச்சி என்கிற ஜப்பானிய டைரியின் ஏ6 அளவில் கட்டம் 3.7 மி.மீ.; நான்கு கட்டம் சேர்ந்தால் 14.8. டேப் ஏறக்குறைய அச்சாக உட்காரும். கோட்டை ஒட்டி வைத்தால் அளவுகோலே தேவைப்படாது.

15-க்கு அடுத்து நான் அதிகம் எடுப்பது 6 மி.மீ. ஒல்லி டேப். நாளைப் பிரிக்கும் கோடு, மாத அட்டவணையில் ‘இந்த நான்கு நாள் ஊரில் இல்லை’ என்று காட்டும் பட்டை, தலைப்புக்கு அடிக்கோடு எல்லாவற்றுக்கும் அதுதான். ஏ6 பக்கத்தின் அகலம் 105 மி.மீ. மட்டுமே. அதில் 30 மி.மீ. டேப்பை நெடுக ஒட்டினால் எழுத இடம் குறைந்துவிடும். 30, 50 அகலங்கள் ஏ5 நோட்டின் அட்டைக்கும் மாத முகப்புக்கும் நன்றாக இருக்கும்.

ஆரம்பிக்க எத்தனை ரோல் வேண்டும்?

நான்கு. கணக்கைப் பாருங்கள். நல்ல ரோல்கள் 7 அல்லது 10 மீட்டர் வரும். தினமும் 15 சென்டிமீட்டர் செலவழித்தால்கூட ஒரு 7 மீட்டர் ரோல் 46 நாளைக்கு ஓடும். பத்து ரோல் வாங்கினால் ஒரு வருஷத்தைத் தாண்டிவிடும். நூறு ரோல் பெட்டியைப் பார்க்க ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் பசைக்கும் வயசு உண்டு.

என் நான்கு: பளபளப்பில்லாத வெள்ளை ஒன்று, உங்களுக்குப் பிடித்த அமைதியான ஒற்றை நிறம் ஒன்று, கட்டமோ கோடோ போட்டது ஒன்று, பார்த்ததும் மனசு போன படம் போட்டது ஒன்று. முதல் மூன்றும் தினசரி வேலைக்கு. நான்காவதுதான் நோட்டைத் திறக்க வைக்கும்.

வெள்ளையை ‘சும்மா வெள்ளைதானே’ என்று ஒதுக்காதீர்கள். தப்பாக எழுதியதை மூட, மேலே புதிதாக எழுத, நிறம் மங்கும் டேப்புக்கு அடித்தளமாக வைக்க என்று என் மேசையில் முதலில் தீர்வது அதுதான்.

தரத்தை எப்படிப் பார்த்து வாங்குவது?

கையில் எடுத்துப் பார்க்க முடிந்தால் ரோலின் பக்கவாட்டைத் தடவுங்கள். நல்ல ரோல் வெட்டிய மரம்போல வழுவழுப்பாக இருக்கும். விரலில் பிசுபிசுத்தால், தூசி ஒட்டிக் கறுப்பு வளையம் தெரிந்தால், பசை ஏற்கனவே ஓரத்தில் வழிய ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். வைத்துவிடுங்கள்.

ஆன்லைனில் வாங்கினால் வந்தவுடன் இதைச் செய்யுங்கள். ஒரு விரல் நீளம் கிழித்துச் செய்தித்தாளில் ஒட்டி, நகத்தால் தேய்த்து, மறுநாள் உரியுங்கள். செய்தித்தாள் நலிந்த தாள். அதில் மை மட்டும் லேசாக எடுத்துக்கொண்டு தாளைக் கிழிக்காமல் வந்தால் அந்த டேப்பை எந்த நோட்டிலும் நம்பலாம். அடியோடு கிழித்தால் அதைப் பார்சல் ஒட்ட வைத்துக்கொள்ளுங்கள். ஒட்டாமல் தானே சுருண்டு எழுந்தால் அது எதற்குமே உதவாது.

‘வாஷி’ என்ற பெயரில் பிளாஸ்டிக்கும் விற்கிறார்கள். கிழித்தால் தெரிந்துவிடும். காகிதம் நார் நாராகக் கிழியும். பிளாஸ்டிக் இழுபட்டு நீளும்.

பெட் டேப், ஃபாயில் டேப், மினுமினுப்பு டேப் எல்லாம்?

பெட் டேப் தெளிவான பிளாஸ்டிக் படலம். பின்னால் உரித்தெறியும் தாளோடு வரும். பூக்களும் உருவங்களும் ஓரம் தெரியாமல் அழகாகப் பதியும். ஆனால் ஒட்டிய பிறகு உரிக்க வராது; கத்தரியும் வேண்டும். ஃபாயில் அச்சுள்ளது வாஷிதான், ஆனால் கோணல் மாணலாகக் கிழியும். மடிப்பில் தங்க நிறம் உதிரும். மினுமினுப்பு டேப்பை நான் நோட்டுக்குள் விடுவதில்லை. அதன் துகள் எதிர்ப்பக்கத்தில் எல்லாம் ஒட்டிக்கொள்ளும்.

ரோலில் பளிச்சென்று இருக்கிறது, ஒட்டினால் மங்குகிறதே?

ரோலில் நாம் பார்ப்பது அறுபது எழுபது அடுக்கு ஒன்றன்மேல் ஒன்று. நோட்டில் ஒட்டுவது ஒரே அடுக்கு. காகிதம் ஒளியை விடுவதால் அடியில் இருக்கும் தாளின் நிறம் மேலே வரும். பழுப்பு கிராஃப்ட் தாளில் வெளிர் ரோஜா நிறம் காணாமலே போய்விடும். அடியில் முதலில் வெள்ளை டேப், அதன்மேல் இது என்று இரண்டு அடுக்காக ஒட்டுங்கள். கோடு போட்ட நோட்டிலும் கோடு தெரியாமல் இருக்க இதே வழிதான்.

இந்த ஊடுருவலே சில நேரம் வரம். அச்சடித்த வரிமேல் வெளிர்மஞ்சள் ஒல்லி டேப் ஒட்டினால் ஹைலைட்டர் போட்ட மாதிரி இருக்கும். வேண்டாமென்றால் எடுத்துவிடலாம்.

கத்தரியா, கையா?

கைதான். கத்தரி வெட்டிய நேர்முனை, ஸ்டிக்கர் மாதிரி விறைப்பாகத் தெரியும். இரண்டு கட்டைவிரல் நகங்களையும் டேப்பின் மேல் விளிம்பில் அருகருகே வைத்து, ஒன்றை உங்கள் பக்கமும் மற்றதை எதிர்ப்பக்கமும் சட்டென்று திருப்புங்கள். மெதுவாக இழுத்தால் சாய்வாக ஓடிவிடும். கிழிந்த முனையில் மயிரிழை போல வெள்ளை நார் தெரியும். அச்சு படாத காகிதத்தின் உடம்பு அது. அந்த வெள்ளை ஓரம்தான் காகித டேப்புக்கே உரிய அழகு.

நேர்முனைதான் வேண்டுமென்றால் இரும்பு அளவுகோலை டேப்பின் மேல் அழுத்தி, மீதியை மேல்நோக்கி இழுங்கள். நோட்டின் மேலேயே வைத்து பிளேடால் வெட்டாதீர்கள். அடுத்த மூன்று பக்கம் சேர்ந்து வெட்டுப்படும்.

டேப் மேல் எழுதலாமா?

பால்பாயிண்ட் பேனா, எண்ணெய் மை மார்க்கர் எழுதும். ஜெல் பேனா காய நேரமெடுக்கும், கை பட்டால் இழுகும். இங்க் பேனா வேண்டவே வேண்டாம். மை துளித்துளியாகத் திரண்டு நிற்கும். காரணம், சுருட்டி வைத்த டேப் தன்மேலேயே ஒட்டிக்கொள்ளாமல் இருக்க முன்பக்கத்தில் ஒரு பூச்சு பூசியிருப்பார்கள். பசையைத் தள்ளுகிற அந்தப் பூச்சு மையையும் தள்ளுகிறது. டேப் மேல் டேப் ஒட்டினால் ஓரம் எழும்புவதற்கும் அதுவே காரணம். மேலே ஒட்டும் துண்டு இரண்டு பக்கமும் கொஞ்சம் நீண்டு தாளைத் தொடட்டும். தாள்தான் அதைப் பிடித்துக்கொள்ளும்.

டிக்கெட், ரசீது, பழைய கடிதம், போட்டோ இவற்றை ஒட்டலாமா?

இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

கண்டக்டர் கையடக்க மெஷினில் அடித்துத் தரும் பஸ் டிக்கெட், ஏடிஎம் சீட்டு, சூப்பர் மார்க்கெட் பில் எல்லாம் வெப்பத்தால் அச்சாகும் தாள். அதில் எழுத்தின்மேல் டேப் ஒட்டினால் பசையில் உள்ள ரசாயனம் எழுத்தை மங்கச் செய்யும். சும்மா வைத்தாலும் நாளடைவில் வெளுக்கும். முதலில் போட்டோகாப்பி எடுத்து அதை ஒட்டுங்கள், அல்லது டிக்கெட்டின் வெற்று ஓரத்தில் மட்டும் டேப் படட்டும். ஊர், தேதி, எங்கே ஏறினோம் என்பதைப் பக்கத்தில் கையால் எழுதிவிடுங்கள்.

போட்டோவின் முகத்தில் எந்த டேப்பும் படக்கூடாது. புதிய பிரதி என்றால் பின்பக்கம் டேப்பை வட்டமாகச் சுருட்டி ஒட்டலாம். பழையது, ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது என்றால் காகித மூலைகளில் செருகி வையுங்கள்.

என் ஆச்சி எழுதிய இன்லண்ட் லெட்டர் ஒன்று என்னிடம் இருந்தது. கல்லூரி விடுதிக்கு வந்தது. பேர் போடாத மலிவு டேப் ஒன்றால் அதை நோட்டில் நான்கு மூலையிலும் அழுத்தி ஒட்டினேன். இரண்டு கோடை கழித்துப் பார்த்தால் டேப்பைச் சுற்றி எண்ணெய் பட்ட மாதிரி மஞ்சள் கறை, நீலத்தாளுக்குள் ஊறியிருந்தது. உரித்து எடுத்தேன். ‘வேளாவேளைக்குச் சாப்பிடு’ என்று முடியும் கடைசி வரியில் ‘சாப்பிடு’ டேப்போடு வந்துவிட்டது. அந்தத் துண்டை இன்னும் ஒரு உறையில் வைத்திருக்கிறேன்.

அன்றிலிருந்து ஒரே ஒரு பிரதி இருக்கும் எதன்மேலும், எவ்வளவு நல்ல டேப்பாக இருந்தாலும், ஒட்டுவதில்லை. நோட்டில் ஒரு தாளை மடித்துப் பை மாதிரி செய்து, பையின் ஓரங்களுக்கு மட்டும் டேப் போட்டு, கடிதத்தை உள்ளே வைக்கிறேன். எடுத்துப் படிக்கலாம், திரும்ப வைக்கலாம்.

உரிக்கும்போது தாள் கிழிகிறது. என்ன செய்வது?

மேல்நோக்கி வெடுக்கென்று இழுக்காதீர்கள். முனையைத் தூக்கி, டேப்பைத் தன்மேலேயே மடித்த மாதிரி, தாளோடு ஒட்டினாற்போல் பின்னோக்கி மெதுவாக இழுங்கள். அசையவில்லையா? ஹேர் டிரையரை அரை அடி தள்ளிப் பிடித்து, பத்து விநாடி இளஞ்சூடு காட்டுங்கள். பசை இளகிக்கொடுக்கும்.

ஒரு முக்கியமான எச்சரிக்கை: பைலட் ஃபிரிக்‌ஷன் மாதிரி அழிக்கக்கூடிய பேனாவில் எழுதியிருந்தால் சூடு காட்டவே கூடாது. அந்த மை சுமார் 60 டிகிரியில் நிறமிழந்துவிடும். ரப்பர் தேய்ப்பின் சூட்டில் அழிவதும் இதே காரணத்தால்தான். அப்படி எழுத்து மறைந்துவிட்டால் பதற வேண்டாம்; நோட்டை உறையில் போட்டு ஃப்ரீசரில் வையுங்கள். பெரும்பாலும் திரும்பி வரும். பூட்டிய காரில் மே மாத மதியத்தில் நோட்டை விட்டாலும் இதே கதைதான்.

ஒட்டியது சில நாளில் ஓரம் எழும்புகிறது.

முனையைத் தொட்டுத் தொட்டு ஒட்டுவதால் விரல் எண்ணெய் பசையில் ஏறிவிடுகிறது. ஒட்டும் முனையைத் தொடாமல் கிழித்து, ஒட்டிய பின் நகத்தின் முதுகால் ஒருமுறை தேய்த்துவிடுங்கள். பக்கத்தின் விளிம்புவரை வரும் டேப்பை அங்கேயே நிறுத்தாமல் ஒரு சென்டிமீட்டர் மறுபக்கத்துக்கு மடித்து ஒட்டினால் அசையாது. பூச்சுள்ள வழுக்குத் தாளில் கொஞ்சம் எழும்பத்தான் செய்யும்.

நோட்டு உப்பிப்போகிறதே?

ஒரு அடுக்கின் தடிமன் ஏறக்குறைய பத்தில் ஒரு மில்லிமீட்டர்தான். ஆனால் எல்லாப் பக்கத்திலும் ஒரே மூலையில் ஒட்டினால் அந்த மூலை மட்டும் மேடாகும். இடத்தை மாற்றி மாற்றி ஒட்டுங்கள்.

எங்கே ஒட்டுவது என்றே தெரியவில்லை. எனக்கு ஓவியக் கண் கிடையாது.

கண் வேண்டாம், வேலை வேண்டும். டேப்புக்கு ஒரு வேலை கொடுத்தாலே இடம் தானாகக் கிடைக்கும். எதையாவது பிடித்துக்கொள்வது, எதையாவது பிரிப்பது, எதையாவது மூடுவது என்று மூன்று வேலை. பழைய நாட்காட்டியிலிருந்து கிழித்த இலைப்படத்தைப் பிடிக்க ஒரு துண்டு. காலையையும் மாலையையும் பிரிக்க ஒரு கோடு. தப்பாக எழுதிய தேதியை மூட ஒரு வெள்ளைத் துண்டு. இப்படி ஒட்டி முடித்துப் பக்கத்தைத் தள்ளி வைத்துப் பாருங்கள், அதுவே அலங்காரமாக இருக்கும். ஒரு பக்கத்தில் மூன்று டேப்புக்கு மேல் போனால் உங்கள் எழுத்து பின்னால் போய்விடும். எனக்கு எழுத்துதான் முக்கியம்.

ஒட்டியது பிடிக்கவில்லையா, எடுத்துவிட்டு நகர்த்துங்கள். முதல் ஒரு மணி நேரத்துக்குள் எடுத்தால் தடமே இருக்காது.

வாட்டர்கலர் அடிக்கும்போது ஓரம் கட்டப் பயன்படுமா?

பயன்படும். அதன் பிறவித் தொழிலே அதுதானே. முதலில் டேப்பை உங்கள் துணியில் ஒருமுறை ஒட்டி எடுத்துப் பசையைக் குறைத்துக்கொள்ளுங்கள். நான்கு பக்கமும் ஒட்டி உள்விளிம்பை மட்டும் நகத்தால் அழுத்துங்கள். வண்ணம் முழுக்கக் காய்ந்த பிறகுதான் உரிக்க வேண்டும். ஈரத்தாள் எவ்வளவு நல்ல டேப்புக்கும் கிழியும்.

நம் வெயிலில் எப்படிப் பத்திரப்படுத்துவது?

ஜன்னலோரம் வரிசையாக அடுக்கி வைத்தால் பார்க்க அழகு, ஆனால் நிறம் வெளுக்கும், பசை இளகும். மூடியுள்ள டப்பாவில், அலமாரியின் கீழ்த்தட்டில் வையுங்கள். மேல்தட்டில் சூடு அதிகம். ரோல்களைப் படுக்கவைத்து அடுக்கினால் பக்கவாட்டுப் பசை ஒன்றோடொன்று ஒட்டும். இடையில் வெண்ணெய்த்தாள் வட்டம் ஒன்று வெட்டிப் போடுங்கள். மருந்துப் பாட்டிலில் வரும் சிலிக்கா பொட்டலம் இருந்தால் மழைக்காலத்தில் டப்பாவுக்குள் போடலாம்.

பிடித்த டேப்பைச் செலவழிக்க மனசு வரவில்லையே?

எனக்கும் வராது. நான் செய்வது இதுதான்: புது ரோல் வந்த அன்றே நோட்டின் கடைசிப் பக்கத்தில் அதில் ஒரு துண்டை ஒட்டி, பக்கத்தில் தேதியும் எங்கே வாங்கியது என்பதும் எழுதிவிடுவேன். ரோல் தீர்ந்தாலும் அது அங்கே இருக்கும். அப்புறம் கை தயங்காது.

படம் போட்ட டேப்பில் ஒரு காட்சி முழுதாக ஓடி, திரும்ப ஆரம்பிக்கும் ஒரு நீளம் இருக்கும். அந்த ஒரு சுற்றை மட்டும் பிளாஸ்டிக் அட்டையில் சுற்றித் தோழிகளுக்குள் மாற்றிக்கொள்ளும் வழக்கம் உண்டு. நான்கு பேர் ஆளுக்கொரு ரோல் வாங்கினால் நான்கு பேருக்கும் நான்கு விதம் கிடைக்கும். ரோலில் பாதி போய்விடும் என்று கவலை வேண்டாம். மேலே போட்ட கணக்கை ஒருமுறை பாருங்கள், மீதி உங்களுக்கே அதிகம்.

தீர்ந்த ரோலின் அட்டை வளையத்தை என்ன செய்வது?

சார்ஜர் வயரைச் சுருட்டி அதற்குள் நுழைத்து வையுங்கள். எந்த வயர் எதனுடையது என்று வளையத்தின் மேலேயே எழுதிவிடலாம். அது பூச்சில்லாத அட்டைதான், எந்தப் பேனாவும் எழுதும்.